வேலியில் காந்தள், பாத்தியில் டேலில்லி

மாத்தளை மாவட்டத்தைப் போல ஒரு சிறு பரப்புக்குள் இத்தனை விதமான வானிலையை அடக்கி வைத்திருக்கும் பிரதேசங்கள் இலங்கையில் அதிகமில்லை. கிழக்கே 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்த சிகரங்களையுடைய நக்கிள்ஸ் மலைத்தொடர் முகில்களைத் தடுத்து நிறுத்தி நனைந்துகொண்டிருக்க, அதன் அடிவாரத்திலே இரத்தோட்டையும் உக்குவளையும் மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் செழிக்கும் இதமான நிலங்களாக விளங்க, வடக்கே நாலந்தாவைக் கடந்து தம்புள்ளை, சீகிரியா வரை செல்லச் செல்ல மழை குறைந்து, வருஷத்தில் சில மாதங்கள் மண் வறண்டு கிடக்கும் முட்புதர்க் காடாக நிலம் மாறிவிடுகிறது. இந்த மாவட்டத்து வீடொன்றின் முற்றத்தில், நடைபாதையை ஒட்டிய பூப்பாத்தியிலே டேலில்லி வளர்க்க விரும்புகிறவர், அந்தச் செடியின் அழகை விசாரிப்பதற்கு முன்னர் அது எந்தக் காலத்தில், எதனால் உறங்குகிறது என்பதை விசாரிக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அவ்விசாரணைக்குத் துணையாக, அவர் நடாமலே வேலியில் ஏறிப் பூத்து நிற்கும் கார்த்திகைப்பூவை, அதாவது நம் புலவர்கள் காந்தள் என்று போற்றிய கொடியை, அருகில் வைத்துப் பார்ப்பது மிகவும் உபயோகமானது.

டேலில்லியின் பூர்வீகம் சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய கிழக்காசிய நாடுகள். நிலமட்டத்திலே ஒரு குறுகிய அடிக்கட்டையிலிருந்து நீண்டு வளைந்த இலைகள் இருபுறமும் விசிறியாக விரிய, அவற்றின் நடுவே இலையற்ற பூந்தண்டு நிமிர்ந்தெழுந்து, நுனியில் கிளைத்துப் பல மொட்டுகளைத் தாங்குகிறது. மண்ணுக்குக் கீழே சதைப்பற்றுள்ள வேர்கள் நீரையும் உணவையும் சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு பூவும் ஒரே நாள் வாழ்கிறது; ஆனால் ஒரு தண்டில் மொட்டுகள் பலவாதலாலும், ஒரு தூரில் தண்டுகள் பலவாதலாலும், பாத்தி வாரக்கணக்கில் வெறுமையடையாமல் இருக்கிறது. காந்தளோ, கலப்பை வடிவான கிழங்கிலிருந்து தளிர்த்து, இலைநுனியையே சுருட்டிப் பற்றுக்கம்பியாக்கிக்கொண்டு பக்கத்துச் செடிகளைப் பிடித்தேறும் கொடி. அதன் பூவிதழ்கள் பின்னோக்கி வளைந்து மேலே எழுந்து, முதலில் பச்சையும் மஞ்சளுமாகத் தோன்றி, பின்னர் நாளுக்கு நாள் செம்மஞ்சளாகவும் செந்நிறமாகவும் மாறுகின்றன. ஒன்று ஒரே நாளில் தன் முழு வாழ்வையும் முடித்துக்கொள்ள, மற்றொன்று பல நாள் நின்று நிறம் மாறுகிறது.

தாவர வகைப்பாட்டின் தந்தையென மதிக்கப்படும் லின்னேயஸ், 1753-ஆம் வருஷத்தில் வெளியிட்ட தமது பெருநூலில் இவ்விரண்டையும் ஒரே பகுதியிலே வைத்தார். கேசரங்களை எண்ணி வகுப்பதே அவரது முறை. இரண்டிலும் கேசரம் ஆறு, தம்பம் ஒன்று. ஆகவே இரண்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்தன. காந்தளைப் பற்றி அவருக்கிருந்த அறிவில் ஒரு பங்கு இலங்கையிலிருந்தே சென்றது. ஒல்லாந்தர் காலத்திலே, 1670-களில் இத்தீவில் வைத்தியராகப் பணிபுரிந்த பவுல் ஹேர்மன் சேகரித்த செடிகளை ஆராய்ந்தே லின்னேயஸ் 1747-இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனி நூலொன்று எழுதினார். அந்நூலில் காந்தளுக்கும் இடமுண்டு.

பிற்காலத்து விஞ்ஞானிகள் பூவின் தோற்றத்தை மட்டும் நம்பாமல் மரபுப்பொருளையே ஒப்பிட்டுப் பார்த்தபோது, இவ்விரண்டின் உறவு நாம் எண்ணியதைவிட மிகத் தூரமானதென்று தெரியவந்தது. டேலில்லி இன்று கற்றாழையோடு ஒரே குடும்பத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பூவை நோக்கினால் இதை நம்புவது கடினம். எனினும் அக்குடும்பத்திலே டேலில்லிக்குக் கற்றாழையினும் நெருங்கிய ஓர் உறவினன் இலங்கையின் காடுகளிலேயே உண்டு: வாள்போன்ற இலைகளும் நீலக் காய்களும் உடைய டயனெல்லா என்னும் சிறுசெடி அது. சிங்களத்தில் அதை மொனர பெத்தன் என்பர். நெடுந்தூரத்திலிருந்து வந்த விருந்தாளியென்று நாம் கருதும் செடிக்கு இந்த மண்ணிலே ஒரு சொந்தம் முன்னமே இருந்தது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. நீலகிரியில் இயற்கையாக வளரும் வெண்ணிற லில்லியைப் போன்ற உண்மையான லில்லிகளோ காந்தள் இருக்கும் கிளையைச் சேர்ந்தவை. லில்லி என்று பெயர் பெற்ற டேலில்லி லில்லிக்குத் தூரத்து உறவாகவும், அப்பெயரைத் தமிழில் ஒருபோதும் பெறாத காந்தள் லில்லிக்குச் சமீபமாகவும் இருக்கின்றன.

இனி அந்த ஒருநாள் வாழ்வைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். காலையில் விரிந்து நிற்கும் டேலில்லிப் பூ, முந்தைய நாள் மாலையில் இறுக மூடிய மொட்டாக இருந்தது. ஓரிரவுக்குள் இதழ்கள் இவ்வளவு பெரிதாவதற்குப் புதிய கலங்கள் பிறப்பது காரணமன்று. இருக்கும் கலங்களே நீரை உறிஞ்சி உப்புகின்றன. அந்த நீரை எது இழுக்கிறது என்ற வினாவுக்கு நியூசிலாந்து விஞ்ஞானி ரொடெரிக் பைலெஸ்கி 1993-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில் விடை கண்டார். மொட்டின் இதழ்களிலே பிரக்டான் என்னும் பெரிய மூலக்கூறுகளாக வெல்லம் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. பூ விரியும் வேளை நெருங்கியதும், மூட்டை உடைந்து மணிகள் சிதறுவதைப்போல, ஒவ்வொரு பிரக்டானும் பல சிறு வெல்ல மூலக்கூறுகளாகப் பிரிந்துவிடுகிறது. கலத்துக்குள் கரைந்துள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை திடீரெனப் பெருகவே, பிரசாரணத்தின் விதிப்படி நீர் உள்ளே பாய்கிறது, கலங்கள் விம்முகின்றன, இதழ் விரிகிறது. முன்னேற்பாடாகச் சேமித்த பண்டத்தைத் தக்க தருணத்தில் உடைத்து, வேறெந்த முயற்சியுமின்றி நீரின் விசையையே வேலைக்கு அமர்த்தும் இந்த உபாயத்தை எண்ணுந்தோறும் என் வியப்பு குறைவதில்லை.

விரிந்த பூ மறுநாள் குழைந்து விழுவதையும் வெறும் வாடலென்று எண்ணிவிடலாகாது. கார்னேஷன் முதலிய பல பூக்கள் வாடுவதற்கு எதிலீன் என்னும் வாயுவே ஏவலாக அமைகிறது. அதைத் தடுத்தால் அவை நெடுநாள் நிற்கும். டேலில்லியிலோ எதிலீனைத் தடுத்தாலும் பயனில்லை. அதற்கு மாறாக, இதழிலே புதிய புரதங்கள் உண்டாவதைத் தடுக்கும் மருந்தொன்றைச் செலுத்தியபோது வாடுதல் பிற்பட்டது. இதன் பொருள் யாதெனில், இதழ் தன்னைத் தானே முடித்துக்கொள்வதற்கு வேண்டிய நொதியங்களைப் புதிதாகச் செய்துகொள்கிறது. அதன் முடிவு அதன் மரபிலேயே எழுதப்பட்ட ஒரு காரியம். அப்சிசிக் அமிலம் என்னும் ஓமோனே இதற்கு ஏவலாக இருக்கக்கூடுமென்று 1990-களின் ஆராய்ச்சிகள் சுட்டின. கலங்களின் புரதங்கள் சிதைக்கப்பட, அவற்றிலிருந்தும் எஞ்சிய வெல்லத்திலிருந்தும் பெறப்படும் சத்துகள் இதழை விட்டு வெளியேறித் தண்டுக்குத் திரும்புகின்றன. அடுத்த மொட்டுகள் அதே தண்டிலேயே காத்திருக்கின்றன என்பதை நினைத்தால், இன்றைய பூ நாளைய பூவுக்கு உதவிவிட்டே விழுகிறது என்பது புலப்படும். ஆகவே வாடிய பூவை அன்றே பறித்தெறிவதை விட, அது தானாகக் குழைந்து தளர்ந்த பின்னர் அகற்றுவதே செடிக்கு நல்லது என்று கருதுகிறேன்.

எல்லா டேலில்லியும் காலையிலேதான் மலரும் என்பதில்லை. செம்மஞ்சள் நிறமுடைய இனம் விடியலில் மலர்ந்து மாலையில் மூடிக்கொள்ள, எலுமிச்சை மஞ்சள் நிறமும் நறுமணமும் உடைய வேறோர் இனம் அந்தியில் மலர்ந்து மறுநாட்காலையில் மூடிக்கொள்கிறது. முன்னதைப் பகலில் பறக்கும் பெரிய வண்ணத்துப்பூச்சிகளும், பின்னதை இரவில் பறக்கும் பருந்து விட்டில்களும் நாடுகின்றன. ஜப்பானிய விஞ்ஞானிகள் இவ்விரு இனங்களையும் கலந்து, நிறமும் மணமும் மலரும் வேளையும் சந்ததியில் எவ்வாறு பிரிந்து செல்கின்றன என்று ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த அந்திப்பூ இனத்தின் மொட்டுகளையே சீனர் ஆவியில் வாட்டி உலர்த்திச் சமையலுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

செம்மஞ்சள் டேலில்லியின் வகையொன்று ஐரோப்பாவுக்குச் சென்ற வரலாறும் குறிப்பிடத்தக்கது. நெடுங்காலமாக அங்குத் தோட்டந்தோறும் பரவியிருந்த அச்செடி ஒருபோதும் விதை தந்ததில்லை. நியூயோர்க் தாவரவியல் தோட்டத்தில் பணிபுரிந்த ஆர்லோ பர்டெட் ஸ்டவுட் இதனை ஆராயப் புகுந்து, பல்லாண்டுகள் உழைத்து, சீனத்திலிருந்து பல இனங்களை வரவழைத்துக் கலந்து, 1934-இல் டேலில்லிகளைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். மலட்டுத்தன்மையின் காரணம் நிறமூர்த்தங்களின் தொகையில் இருந்தது. சாதாரண டேலில்லியின் கலத்தில் நிறமூர்த்தங்கள் 22, அதாவது 11 கொண்ட தொகுதிகள் இரண்டு. ஐரோப்பாவில் பரவிய வகையிலோ மூன்று தொகுதிகள், ஆக 33. மகரந்தம் உண்டாகும்போது மூன்றை இரண்டு சம பாகமாகப் பிரிக்க வழியில்லை, அதனால் விதையில்லை. அந்த வகையின் பரம்பரை முழுவதும் மண்வெட்டியால் பிளந்து பிளந்து பரப்பப்பட்டது.

இனி உறக்கத்தைப் பற்றி. கிழக்காசியாவின் வடபகுதிகளிலே பனிக்காலம் கடுமையானது. அங்குப் பிறந்த டேலில்லிகள் இலைகளைக் கருகவிட்டு, மண்ணுக்குள் ஒடுங்கி, குளிர் பல வாரம் நீடித்து முடிந்த பின்னரே புதிதாய்த் துளிர்க்கும் சுபாவத்தைப் பெற்றன. வெப்பமான தென்பகுதிகளிலிருந்து வந்தவையும் அவற்றின் கலப்பினங்களும் வருஷம் முழுவதும் பசுமையாக இருக்கின்றன. தோட்டக்காரர்கள் முன்னதை உறங்குவகையென்றும் பின்னதை என்றும் பசுமையென்றும், இடைப்பட்டதை அரைப்பசுமையென்றும் பிரிப்பார்கள். உறங்குவகையை மாத்தளை நகரத்தில் கொண்டுவந்து நட்டால் என்ன நேரும்? பூமத்திய ரேகைக்கு ஏழரைப் பாகை வடக்கேயுள்ள இவ்விடத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு, உறைபனியோ என்றுமில்லை. உறங்கு என்று சொல்லும் குளிரும் விழி என்று சொல்லும் வசந்தமும் இல்லாத நாட்டிலே, அச்செடி அரைகுறையாக இலைவிட்டு, சேமித்த உணவைச் செலவழித்து, வருஷத்துக்கு வருஷம் மெலிந்து போகிறது. வாங்குகிறவர் மண்ணையும் எருவையும் நொந்துகொள்வார், குற்றம் அவற்றினுடையதன்று. ஆகவே நிறத்தையும் இதழின் மடிப்பையும் பார்ப்பதற்கு முன் என்றும் பசுமை வகைதானா என்று கேட்பதே முதற்காரியம். நக்கிள்ஸ் தொடரின் ரிவர்ஸ்டன் பக்கத்து மலையுச்சிகளில் இரவுகள் குளிர்ந்தவையேயாயினும், அக்குளிரும் வடநாட்டுப் பனிக்காலத்துக்கு ஈடாகாது.

காந்தளும் உறங்கும் செடிதான். ஆனால் அதை உறக்குவது குளிரன்று, வறட்சி. தம்புள்ளைப் பக்கத்துப் புதர்க்காட்டில் மழை ஓய்ந்து மண் இறுகியதும் கொடி மஞ்சளித்துக் காய்ந்து, கிழங்கு மாத்திரம் மண்ணுக்குள் உயிரோடிருக்கும். ஐப்பசியில் இடியோடு இறங்கும் முதல் மழைகள் மண்ணின் ஆழத்தை எட்டியதும் அது விழித்தெழுந்து, வடகீழ்ப் பருவமழையின் நடுவே கார்த்திகையிலே பூத்துவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு வேலை தேடி மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்த தமிழ் மக்களுக்கு இக்கொடியை எவரும் அறிமுகம் செய்துவைத்திருக்கத் தேவையில்லை. மதுரை, திருச்சிராப்பள்ளிப் பிரதேசங்களின் வேலிகளிலும் இதே கொடிதான் ஏறி நின்றது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட பூவரிசை செங்காந்தளையே முதலில் வைத்துத் தொடங்குகிறது. சிங்கள மக்கள் நியங்கலா என்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநில மலராகவும் சிம்பாப்வேயின் தேசிய மலராகவும் அது விளங்குவது, ஆபிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை ஊடாகக் கிழக்கு நோக்கிப் பரந்த அதன் ஆட்சிக்குச் சான்று. அதன் தம்பம் சூலகத்தை விட்டு வெளியே வந்ததும் செங்கோணமாகப் பக்கவாட்டில் மடிந்து நீளும் விசித்திரத்துக்குக் காரணமுண்டு. தேன் குடிக்க வரும் வண்ணத்துப்பூச்சி இதழ்களைச் சுற்றி நகரும்போது அதன் சிறகுகளே கேசரத்திலும் குறியிலும் உராய்ந்து மகரந்தத்தைக் கொண்டுசெல்கின்றன என்பதைத் தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர் 2020-இல் காட்டினர். காலினாலோ வாயினாலோ அன்றிச் சிறகினால் மகரந்தம் கடத்தும் ஏற்பாடு அபூர்வமானது.

தூரத்து உறவினரான இவ்விரு செடிகளையும் மனிதனின் கை ஒரு நச்சுப்பொருளின் வழியாக இணைத்துவைத்த வரலாறுதான் இக்கட்டுரையில் எனக்கு மிகப் பிரியமான பகுதி. ஐரோப்பாவிலே கொல்சிக்கம் என்னும் செடியின் கிழங்கும் விதையும் பண்டைக்காலம் முதல் மூட்டுவாத நோய்க்கு மருந்தாகவும், அளவு மீறினால் நஞ்சாகவும் அறியப்பட்டவை. 1820-இல் பிரெஞ்சு இரசாயனிகளான பெல்லத்தியேயும் கவந்தூவும் அதிலிருந்து பிரித்தெடுத்த அல்கலொயிட்டே பின்னர் கொல்கிசின் எனப்பட்டது. 1915-இல் கிளியூவர், கிரீன், டூட்டின் என்னும் மூவர் காந்தட் கிழங்கை ஆராய்ந்து, அதே கொல்கிசின் அதிலும் இருப்பதைக் கண்டனர். இதில் வியப்பில்லை, கொல்சிக்கமும் காந்தளும் ஒரே குடும்பம்.

ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது, இரட்டித்த நிறமூர்த்தங்களை இரு துருவங்களுக்கும் இழுத்துச் செல்வதற்கு நுண்குழாய்களாலான ஒரு கதிர் உண்டாகிறது. அந்நுண்குழாய்கள் டியூபுலின் என்னும் புரதத்தினால் ஆனவை. கொல்கிசின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு, அது குழாயாக அடுக்கப்படாதவாறு தடுத்துவிடுகிறது. கதிர் அமையாமற் போகவே, நிறமூர்த்தங்கள் இரட்டித்தும் பிரிய வழியின்றி ஒரே கலத்துக்குள் தங்கிவிடுகின்றன. 22 இருந்த இடத்தில் 44 ஆகிறது. ஊமத்தையை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி பிளேக்ஸ்லி, ஏவரி என்பவருடன் சேர்ந்து 1937-இல் இந்த வித்தையை உலகறியச் செய்தார். வெங்காய வேர்நுனியில் கொல்கிசினின் வேலையை 1938-இல் விவரித்த சுவீடன் நாட்டு அல்பர்ட் லெவான், பின்னர் ஜோ ஹின் ட்ஜியோவுடன் சேர்ந்து அதே பொருளின் துணையோடு மனிதக் கலங்களைப் பரிசோதித்து, நம் நிறமூர்த்தங்கள் 48 என்று உலகம் நம்பியிருந்த காலத்திலே அவை 46 என்று 1956-இல் நிலைநாட்டினார். மூட்டுவாத மருந்தொன்று மனித இனத்தின் சரியான கணக்கைச் சொல்ல உதவிற்று.

டேலில்லி வளர்ப்போர் இதைக் கவனிக்காமல் விடவில்லை. இளநாற்றுகளின் குருத்திலும், பெரிய செடிகளின் அடிக்கட்டையிலும் நீர்த்த கொல்கிசினைச் செலுத்தி, இருமடியத்தின் இரண்டுக்குப் பதிலாக நிறமூர்த்தத் தொகுதிகள் நான்கு கொண்ட நான்மடியங்களை உண்டாக்கும் முயற்சிகள் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலே தொடங்கின. ஓர்வில் ஃபே, ரொபர்ட் கிரீஸ்பாக் முதலியோர் 1960-களில் அவற்றைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தனர். செலுத்தப்பட்டவற்றுள் இறந்தவை பல; ஒரு பாகம் மாறி மறுபாகம் மாறாமல் நின்றவையும் பல. தப்பியவற்றில் பூ பெரிதாகவும், இதழ் தடிப்பாகவும், தண்டு உறுதியாகவும், நிறம் ஆழமாகவும் அமைந்தன. இன்று நாற்றுக்கடைகளில் அகன்ற இதழும் சுருக்கமிட்ட விளிம்புமாகக் காணப்படும் டேலில்லிகளில் மிகப் பல அந்தப் பரம்பரை. வேலியிலே இயற்கையாக நிற்கும் கொடியின் கிழங்கிலுள்ள அதே பொருள், பாத்தியிலே நிற்கும் செடியின் உருவத்தைச் சமைத்த பொருளாக இருக்கிறது. காந்தளின் இயல்பான நிறமூர்த்தத் தொகையும் 22 தான் என்பதைத் தற்செயலான ஒற்றுமையாகவே கொள்ளவேண்டும்.

இந்த நஞ்சைக் காந்தள் எவ்வாறு சமைக்கிறது என்பது அண்மைக்காலம் வரை முழுமையாக விளங்கவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெட், லாவ், சட்டெலி ஆகியோர் காந்தட் செடியையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு, சாதாரணமான இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து தொடங்கும் அந்தப் பாதையின் பெரும்பகுதிக்குரிய நொதியங்களைக் கண்டுபிடித்து, அவற்றை ஒரு புகையிலை இனச் செடிக்குள் செலுத்தி, கொல்கிசினுக்கு முந்தைய நிலைப் பொருளொன்றை அங்கே உண்டாக்கியும் காட்டினர். அந்த ஆராய்ச்சி 2020-இல் வெளிவந்தது. எனினும் மருந்துத் தொழிலுக்கு வேண்டிய கொல்கிசினுக்காகத் தமிழ்நாட்டின் திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களிலே கண்வலிக் கிழங்கு என்ற பெயரால் காந்தள் இன்றும் பயிரிடப்படுகிறது. அங்கு அதன் விதையே பெரிதும் விலைபோகிறது. கம்பிப் பந்தலில் கொடியேற்றி, காலையில் பூப்பூவாகச் சென்று கையாலேயே மகரந்தம் சேர்க்கும் உழைப்பு அது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். காந்தட் கிழங்கு உண்ணத்தக்க கிழங்குகளோடு தோற்றத்தில் ஒத்திருப்பதால், அறியாமல் உண்டு ஆபத்துக்குள்ளானவர்கள் நம் நாட்டில் உண்டு. முதலில் வாந்தியும் பேதியுமாகத் தொடங்கும் நஞ்சு, விரைந்து பிரியும் கலங்களையெல்லாம் தாக்குகிறது. ஏனெனில் பிரிவதற்குரிய கதிரையே அது அமையவிடாமல் செய்கிறது. இலங்கை நோயாளி ஒருவருக்கு இக்கிழங்கின் நஞ்சினால் தலைமயிரும் உடல்மயிரும் உதிர்ந்ததை குணரத்ன என்னும் வைத்தியர் 1966-இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் விவரித்தார். மயிர்க்காலின் கலங்கள் இடைவிடாது பிரிபவை என்பதை நினைத்தால், டேலில்லியின் குருத்திலே நிகழ்வதும் மனிதனின் தலையிலே நிகழ்வதும் ஒரே காரியம் என்பது விளங்கும். ஆகவே சிறு பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலும், மரவள்ளியும் வற்றாளையும் பயிராகும் நிலத்தின் பக்கத்திலும் காந்தளை நடுவதற்கு நான் உடன்படேன். எவரேனும் உண்டுவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். டேலில்லி மனிதருக்கு அத்தகைய நஞ்சன்று. ஆயினும் பூனைகளுக்கு அது சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. வீட்டில் பூனை வளர்ப்போர் இதை மறக்கலாகாது.

நடும் முறையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. டேலில்லிக்கு நாளொன்றுக்கு ஆறு மணித்தியால வெயிலாவது வேண்டும்; கிளிரிசிடியாவும் பலாவும் கொக்கோவும் நிழல் விரித்த மாத்தளை வாசனைத்திரவியத் தோட்டங்களின் உட்புறம் அதற்கு ஆகாது; பாதையோரமும் கிழக்கு நோக்கிய முற்றமுமே தக்கவை. அடிக்கட்டை இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் புதையக்கூடாது. செடிக்குச் செடி 45 முதல் 60 சென்ரிமீற்றர் இடைவெளி விடவேண்டும். வெப்பமும் ஈரமும் ஒருங்கே சேரும்போது அடிக்கட்டை அழுகுவதே இந்நாட்டில் அதன் பெரிய பகை. ஆதலால் பாத்தியைச் சற்று உயர்த்தி, மழைநீர் கானுக்கு வழிந்தோடச் செய்து, ஐப்பசி, கார்த்திகைப் பெருமழையில் நடுவதைவிட மழை தணிந்த தை மாதத்திலே நடுவது மேல். மூன்று நான்கு வருஷங்களுக்கு ஒருமுறை தூரைப் பிளந்து நடாவிட்டால் பூ குறையும். இலையில் செம்மஞ்சள் தூளாகப் படியும் துருநோய் 2000-ஆம் வருஷத்தில் அமெரிக்காவை எட்டிப் பெருந்தொல்லை விளைத்தது. குளிரில் இலையெல்லாம் கருகும் நாடுகளில் அது தானே ஒடுங்கிவிடும், என்றும் பசுமையான செடியும் என்றும் வெப்பமும் உள்ள இடத்தில் ஒடுங்காது. எனவே வெளியிலிருந்து வந்த கன்றைச் சில காலம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே பாத்திக்குக் கொண்டுவரவேண்டும்.

காந்தளை நட விரும்புகிறவர் காட்டிலிருந்து கிழங்கைத் தோண்டாதிருப்பாராக. கவைத்த கிழங்கின் நுனியிலேதான் முளைக்கும் கண் உள்ளது. தோண்டும் மண்வெட்டியில் அந்நுனி ஒடிந்தால் கிழங்கு முளைக்காது, காட்டிலும் ஒரு கொடி குறைந்துவிடும். விதையிலிருந்து வளர்ப்பது மெதுவானதாயினும் அதுவே நேரிய வழி. மழை நின்ற பின் கொடி காய்ந்ததும் நீரூற்றுவதை நிறுத்திவிடவேண்டும். வறட்சியில் உறங்க விடாமல் நீர் வார்த்துக்கொண்டே இருந்தால் கிழங்கு அழுகும். உறங்குவகை டேலில்லிக்குக் குளிரை மறுப்பதும், உறங்கும் காந்தளுக்கு வறட்சியை மறுப்பதும் ஒரே தன்மையான பிழை.

கடைசியாக ஒரு யோசனை. வெளிநாட்டுத் தோட்டங்களில், வெளிநாட்டுப் பருவங்களுக்கென்று தெரிந்தெடுக்கப்பட்ட வகைகளையே நாம் எந்நாளும் வாங்கிக்கொண்டிருக்க வேண்டுமென்பதில்லை. டேலில்லியைக் கலப்பது எளிது: கேசரத்தைக் கையால் கிள்ளியெடுத்து, மற்றொரு பூவின் நீண்டு நிற்கும் குறியிலே மகரந்தத்தைத் தடவினால் போதும். வெயில் ஏறுமுன் காலையிலேயே செய்யவேண்டும். கடும் வெப்பத்தில் காய் பிடிப்பது குறைவு. இருமடியத்தை இருமடியத்தோடும் நான்மடியத்தை நான்மடியத்தோடும் மட்டுமே சேர்க்கவேண்டும். மாறிச் சேர்த்தால் பெரும்பாலும் விதையில்லை. காய் முற்றி வெடிக்க ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும். என்றும் பசுமை வகைகளின் கரிய விதைகளைக் குளிரூட்டாமலே விதைக்கலாம். இதமான நாட்டில் நாற்று ஒன்றிரண்டு வருஷத்தில் முதற்பூவைக் காட்டிவிடும். அவ்வாறு இரத்தோட்டையின் மழையிலும் தம்புள்ளையின் வறட்சியிலும் தனித்தனியே வளர்த்து, ஒவ்வோரிடத்திலும் அழுகாமலும் துருப்பிடிக்காமலும் மெலியாமலும் நின்ற நாற்றுகளை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவந்தால், நாலைந்து தலைமுறைகளுக்குள் இந்த மாவட்டத்துக்கென்றே உரிய டேலில்லிகள் கிடைக்கும்.